கலப்பு பி.பி., எச்.டி. மறுசுழற்சிக் குருணையில் கண்ணாடி இழை: மூடி விறைக்கிறது, ஆனால் முறிகிறது

கோவை வார்ப்பகம் — கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் சிறிய அளவில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் தொழில் நடத்தி வருகிறேன். உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, எண்ணெய் கேன், சலவைத் திரவ பாட்டில் ஆகியவற்றை அரைத்துக் கழுவிய துகள்களை உள்ளூர் வியாபாரிகளிடம் வாங்கி, எங்கள் ஒற்றை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தில்) குருணையாக்கி, வீட்டு முற்றங்களிலும் தோட்டப் பாதைகளிலும் மழைநீர் வாய்க்காலின் மேல் பதிக்கும் சல்லடை மூடிகளை வார்க்கிறோம். துகள்களில் பெரும்பகுதி பி.பி. (பாலிப்ரொப்பிலீன்), மீதி பெரும்பாலும் எச்.டி. (அடர் பாலிஎத்திலீன்). இரண்டும் தண்ணீரில் மிதப்பவை என்பதால் தொட்டியில் இட்டுப் பிரிக்க முடிவதில்லை. மூட்டைக்கு மூட்டை விகிதமும் மாறுகிறது.

இந்த மூடிகளின் மேல் ஆட்கள் நடப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கோடை வெயிலில் சூடேறிய மூடியின் மேல் இருசக்கர வண்டியை நிறுத்தி வைத்தால், அது நடுவில் தொய்ந்துவிடுகிறது. வண்டியை எடுத்த பிறகும் நிமிர்வதில்லை. விறைப்பைக் கூட்டுவதற்காக, நறுக்கிய கண்ணாடி இழையை எடையில் 20 விழுக்காடு அளவுக்குக் குருணையோடு கலந்து எக்ஸ்ட்ரூடரில் ஓட்டி, அந்தக் கலவையால் மூடிகளை வார்த்துப் பார்த்தோம். தொய்வு பெருமளவு குறைந்தது. ஆனால் மூடியைத் தரையில் போட்டால் மூலையில் முறிகிறது; அதுவும் சல்லடைக் கண்களைச் சுற்றி வந்த உருகல் இரண்டு பக்கமிருந்தும் சந்திக்கும் கோட்டிலேயே பெரும்பாலும் முறிகிறது. மேற்பரப்பில் இழை தெரிகிறது, கையில் குத்துகிறது. நீளவாட்டில் மூடி சற்றே முறுக்கிக்கொண்டு வருகிறது.

கப்ளிங் ஏஜென்ட் என்று சொல்லப்படும் இணைப்புப் பொருள் இல்லாமல் இழை சேர்ப்பதில் பயன் உண்டா? ஒற்றை ஸ்க்ரூ இதற்குப் போதுமானதா? மேலும், எங்கள் பகுதியில் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்த பொருள்) தொட்டிகள் செய்யும் பட்டறைகளில் வெட்டியெறியும் ஓரங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அரைத்துப் புதிய இழைக்குப் பதிலாகச் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கலவைக்கூடம் — பதில்

வணக்கம் ஐயா. குருணைக் கலவை தயாரிக்கும் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இழையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். இழை சேர்ப்பதால் அடிக்கலவையின் குறைகள் மறைவதில்லை. மாறாக, நெளிந்து தப்பித்துக்கொண்டிருந்த ஒரு பொருளை விறைப்பாக்கிவிடுவதால், முன்பு வெளியே தெரியாதிருந்த குறைகளெல்லாம் முறிவாக வெளிப்படும்.

பி.பி.யும் எச்.டி.யும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை என்றாலும், உருகிய நிலையில் அவை ஒன்றில் ஒன்று கரைவதில்லை. குறைவாக உள்ளது துளிகளாகப் பிரிந்து, கூடுதலாக உள்ளதற்குள் சிதறி நிற்கும். குளிர்ந்து இறுகிய பின் அத்துளிகளின் விளிம்பில் பிடிப்பு மிகக் குறைவு. தங்கள் மூலப்பொருளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாளியும் பெயின்ட் டப்பாவும் எளிதில் ஓடும் தரத்து பி.பி.யால் ஆனவை, அவற்றின் எம்.எஃப்.ஐ. (உருகல் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதன் அளவு) 10ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எண்ணெய் கேனும் பாட்டிலும் ஊதி வார்க்கும் தரத்து எச்.டி.; அதன் எம்.எஃப்.ஐ. 1க்கும் கீழே. நீர்த்த உருகலுக்குள் கெட்டியான உருகலைச் சிறு துளிகளாக உடைப்பது ஒற்றை ஸ்க்ரூவால் ஆகக்கூடிய வேலை அன்று. ஆகவே கேன், பாட்டில் வகைகளை அரைக்கும் முன்பே கையால் பிரித்துத் தனியாக வாங்க முடிந்தால், அந்த ஒரு செயலால் கிடைக்கும் பலன் எந்த ரசாயனத்தாலும் கிடைக்காது. வியாபாரிக்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது இதைச் செய்யச் சொல்லுங்கள். பொருள் முழு வடிவில் இருக்கும்போது வாளி எது, கேன் எது என்று எவரும் சொல்லிவிடலாம். துகளான பின் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வெப்பப் பகுப்பாய்வில் 130 டிகிரியை ஒட்டி ஒரு முகடும் 163ஐ ஒட்டி இன்னொரு முகடும் வந்தால், முதலாவது எச்.டி., இரண்டாவது பி.பி.

பிரிக்க முடியாமல் எஞ்சுவதற்கு எத்திலீன்-ஆக்டீன் எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற பொருள் 5 விழுக்காடு அளவில் உதவும். 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலிஎத்திலீன் துண்டுகளையும் பாலிப்ரொப்பிலீன் துண்டுகளையும் மாறி மாறிக் கோத்த ஒரு சங்கிலிப் பொருளைச் சிறிதளவு சேர்த்தே இவ்விரண்டின் கலவையை உறுதியாக்கிக் காட்டினார்கள். விளிம்பில் பிடிப்பு ஏற்பட்டால் போதும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. சிறு தொழிற்கூடங்களுக்கு இன்று எளிதில் கிடைப்பது எலாஸ்டோமர்தான்.

அடுத்தது அழுக்கு. பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) 250 டிகிரிக்கு மேல்தான் உருகும். தாங்கள் ஓட்டும் 210, 220 டிகிரியில் அது கல்லாகவே கிடந்து, வார்ப்பில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். பி.வி.சி. அந்தச் சூட்டில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட்டு, பேரலையும் அச்சையும் அரிக்கும். இரண்டும் நீரில் மூழ்குபவை என்பதால் மிதவைத் தொட்டியை முறையாக, அவசரமில்லாமல் பயன்படுத்தினாலே பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சுவதை உருகலில்தான் வடிகட்ட வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நுண்ணிய வலை வைத்து வடிகட்டுவதைக் கண்ணாடி சேர்ப்பதற்கு முந்தைய ஓட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். இழை கலந்த உருகலை நுண்வலை வழியே தள்ள முடியாது. தள்ளினால் வலை அடைபடும், அல்லது இழை பொடியாகும். எனவே முதல் ஓட்டத்தில் கழுவிய துகளை உருக்கி, வடிகட்டி, ஃபினால் வகையும் பாஸ்பைட் வகையும் சேர்ந்த ஆன்டிஆக்சிடன்ட் 0.2 விழுக்காடு அளவில் சேர்த்துச் சுத்தமான குருணையாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பி.பி.யில் அந்தக் காப்புப் பொருள் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும்; அது இல்லாமல் மீண்டும் மீண்டும் உருக்கினால் சங்கிலிகள் அறுந்து, எந்த இழை சேர்த்தாலும் தாங்காத பொருளாகிவிடும்.


இழை ஆய்வகம் — பதில்

முந்தைய பதிலில் சொல்லப்பட்ட அனைத்தையும் ஏற்றுக்கொண்டு, இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான பிடிப்பைப் பற்றி எழுதுகிறேன். தங்கள் மூடி விறைப்படைந்தும் உறுதி பெறாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஈ-கண்ணாடி இழையின் மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 72 கிகா பாஸ்கல், பி.பி.யினுடையது 1.5ஐ ஒட்டியது. சுமை சிறிதாக இருக்கும்வரை, பிடிப்பு சுமாராக இருந்தாலும், உருகல் இறுகும்போது இழையைக் கவ்விக்கொள்ளும் உராய்வே போதும், விறைப்பு கூடிவிடும். ஆனால் முறியும் தறுவாயில் இழை தன் முழு வலிமையையும் காட்ட வேண்டுமானால், பிளாஸ்டிக் அதை வழுக்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். எண்ணெய் தடவிய கம்பியைக் கான்கிரீட்டில் புதைத்தது போலத்தான் கப்ளிங் ஏஜென்ட் இல்லாத பி.பி.யில் கண்ணாடி இழை இருக்கும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இழை உருவப்படாமல் அறுபட வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் தேவை. இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, பிடிப்பின் இருமடங்கால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். விட்டம் 13 மைக்ரான், வலிமை 2000 மெகா பாஸ்கல் என்று கொள்வோம். பிடிப்பு 5 மெகா பாஸ்கலாக இருந்தால் தேவையான நீளம் 2.6 மில்லிமீட்டர், அதை 15க்கு உயர்த்தினால் 0.9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வாங்கும்போது 3 முதல் 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள நறுக்கிழை, எக்ஸ்ட்ரூடரையும் மோல்டிங் இயந்திரத்தையும் கடந்து வார்ப்புக்குள் வந்து சேரும்போது பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டராகத்தான் இருக்கும். ஆகவே நல்ல பிடிப்பிருந்தும்கூட நாம் எல்லைக்குக் கீழேதான் நிற்கிறோம். பிடிப்பில்லாவிட்டால் இழைகளில் மிகப் பெரும்பாலானவை உறுதிக்கு எதையும் தராமல் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பிடிப்புக்கு இரண்டு பேர் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று, இழையின் மேல் உற்பத்தியாளர் பூசியனுப்பும் அமினோசிலேன் கலந்த சைசிங் பூச்சு. மற்றொன்று, கப்ளிங் ஏஜென்டாகிய, மெலீக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பி.பி. அன்ஹைட்ரைடு அமினோடு வினைபுரிந்து இழையோடு பிணைகிறது, அதன் பி.பி. வால் சுற்றியுள்ள பி.பி.யோடு சேர்ந்து படிகமாகிறது. மொத்த எடையில் 2 விழுக்காடு இருந்தால் பெரும்பாலும் போதும். புதிய பி.பி.யில் 30 விழுக்காடு இழை சேர்க்கும்போது, இது இல்லாமல் 45 மெகா பாஸ்கலை ஒட்டி நிற்கும் இழுவலிமை, இதைச் சேர்த்தபின் 80ஐத் தாண்டுவதைக் காணலாம். கலப்புக் குருணையில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் ஏற்றத்தின் திசை அதுவேதான். வாங்கும்போது இழை பி.பி.க்கென்று பூச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். நைலானுக்கும் பாலியஸ்டர் ரெசினுக்கும் உரிய பூச்சுகள் வேறு. மேலும், இந்தக் கப்ளிங் ஏஜென்ட் எச்.டி.யோடு அவ்வளவாக ஒட்டாது, எச்.டி. மிகுந்த கலவைக்கு அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீன்தான் ஏற்றது. எது கூடுதல் என்று தெரியாமல் எதைச் சேர்ப்பது என்பதையும் முடிவு செய்ய இயலாது என்பதால்தான் முந்தைய நண்பர் பிரித்து வாங்கச் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன்.

ஒற்றை ஸ்க்ரூவைப் பொறுத்தவரை, உருகாத குருணையோடு இழையையும் ஹாப்பரிலேயே கொட்டினால், திடப்பொருள்கள் ஒன்றோடொன்று உரசும் முதல் பகுதியிலேயே இழை நொறுங்கிவிடும். கலவைக்கூடங்களில் இரட்டை ஸ்க்ரூவில் பிளாஸ்டிக் முழுவதும் உருகிய பிறகு பக்கவாட்டு ஃபீடர் வழியாக இழையைச் செலுத்துவது இதற்காகத்தான். அந்த இயந்திரம் இல்லாத சிறு கூடத்துக்கு நான் பரிந்துரைக்கும் வழி வேறு: கப்ளிங் ஏஜென்டோடு 50 அல்லது 60 விழுக்காடு இழை செறிந்த பி.பி. குருணையைக் கலவைக்கூடத்தில் வாங்கி, தாங்கள் வடிகட்டி எடுத்த சுத்தமான குருணையோடு மோல்டிங் ஹாப்பரிலேயே கலந்து வார்ப்பது. இதில் இழை ஒருமுறைதான் தங்கள் ஸ்க்ரூவைக் கடக்கிறது. செறிவுக் குருணையோடு புதிய பி.பி.யும் உள்ளே வருவதால் கலவையும் சற்றுத் தேறுகிறது. பின்னழுத்தத்தையும் ஸ்க்ரூ வேகத்தையும் குறைத்து, கேட்டை (உருகல் அச்சுக்குள் நுழையும் வாயை) சற்று அகலப்படுத்தினால் நீளம் மேலும் காக்கப்படும். அச்சின் சூட்டை 50, 60 டிகிரிக்கு உயர்த்தி வேகமாக நிரப்பினால், இழைக்கு மேல் பிளாஸ்டிக் படலம் படிந்து கையில் குத்துவதும் குறையும்.

இப்போது வார்ப்பதிலேயே ஒரு சோதனை செய்யலாம். முறிந்த பரப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இழைகள் நீண்டு, துடைத்தது போல் பளபளப்பாக நின்றால் பிடிப்பில்லை என்று பொருள்; குட்டையாக, மேலே பிளாஸ்டிக் ஒட்டிய நிலையில் இருந்தால் பிடிப்பிருக்கிறது. ஒரு துண்டை 600 டிகிரி உலையில் எரித்து, எஞ்சிய கண்ணாடியை எடை போட்டால் உண்மையான விழுக்காடும், நுண்ணோக்கியில் பார்த்தால் எஞ்சிய நீளமும் தெரிந்துவிடும். சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனம்) போன்ற நிறுவனங்களில் கட்டணத்துக்கு இச்சோதனைகளைச் செய்துகொள்ளலாம்.


அச்சு வடிவமைப்பு மேசை — பதில்

இரண்டு பதில்களும் பொருள் நோக்கில் மிகச் சரியானவை. ஆனாலும் நான் மாறுபட்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன்: இந்த மூடிக்குக் கண்ணாடி இழை தேவைதானா?

வளையும் ஒரு பட்டையின் தொய்வு, பொருளின் குணகத்துக்கு நேர் எதிர் விகிதத்தில் குறைகிறது. உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கும் எதிர் விகிதத்தில் குறைகிறது. அடிப்பக்க ரிப்பின் (விறைப்புக்காக நீட்டிய விளிம்பின்) உயரம் 20 மில்லிமீட்டராக இருந்து அதை 25 ஆக்கினால், வேறெதையும் மாற்றாமலேயே விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. 20 விழுக்காடு இழையால் கிடைப்பதில் பெரும்பகுதியை ஒரு துண்டு எஃகைச் செதுக்கி எடுப்பதன் மூலமே பெற்றுவிடலாம். அச்சில் ரிப்பை ஆழப்படுத்துவது என்பது எஃகை நீக்கும் வேலை, அது எளிது. வாய்க்காலில் இடமிருந்து, பக்கங்களுக்கு ஒரு டிகிரியாவது சரிவு கொடுக்க முடிந்தால், முதலில் அதைச் செய்யுங்கள்.

இழை சேர்ப்பதன் பின்விளைவுகளும் உங்கள் அச்சைச் சார்ந்தவையே. பி.பி. குளிரும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும், எச்.டி. அதைவிடக் கூடுதலாகச் சுருங்கும் என்ற கணக்கில் வெட்டப்பட்ட அச்சு உங்களுடையது. இழை சேர்ந்தால் உருகல் ஓடிய திசையில் சுருக்கம் அரை சதவீதத்தை ஒட்டியும், குறுக்கே ஒரு சதவீதத்தை ஒட்டியும் ஆகிவிடுகிறது. முறுக்கிக்கொள்வதற்கு இந்த வேறுபாடே காரணம். அதோடு, மூடி சற்றே பெரிதாக வந்து வாய்க்காலின் பள்ளத்தில் உட்காராமல் போகவும் கூடும். உருகல்கள் சந்திக்கும் கோட்டில் இழைகள் குறுக்கே பாலமிடுவதில்லை, கோட்டுக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. எனவே அங்கே இழை சேர்த்த பொருள், தன் வலிமையில் பாதியையோ அதற்கும் மேலோ இழக்கும். கேட்டை நீளவாட்டின் ஒரு முனைக்கு மாற்றி, அந்தக் கோடுகள் ரிப்பின் நடுவிலும் மூலைகளிலும் விழாமல் பார்த்துக்கொள்வது எந்தக் கப்ளிங் ஏஜென்டாலும் ஈடுசெய்ய முடியாத வேலை.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். கண்ணாடியின் அடர்த்தி 2.55 அளவில் இருப்பதால், 0.93 அடர்த்தியுள்ள கலவையில் 20 சதவீதம் சேர்த்தால் அது 1.06ஐத் தாண்டுகிறது. அதே அச்சை நிரப்ப 14, 15 சதவீதம் கூடுதல் எடை வேண்டும். கிலோ விலையை ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஒரு மூடிக்கு ஆகும் செலவை.

அந்த 1.06 என்ற அடர்த்தியில் எனக்குக் கவலை தரும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் அனைவரும் நம்பியிருக்கும் மிதவைத் தொட்டியில் 1க்கு மேற்பட்ட அடர்த்தி மூழ்கிவிடும். பத்தாண்டு கழித்து உங்கள் மூடி உடைந்து பழைய பொருள் கடைக்கு வரும்போது, அது பெட், பி.வி.சி. குப்பையோடு அடியில் தங்கி வீணாகும். இல்லையேல், தெரியாமல் வாளிக்கான பி.பி.யில் கலந்து இன்னொருவரின் வார்ப்பைக் கெடுக்கும். 10 சதவீதம் என்றால் 0.99 அளவில் மயிரிழையில் மிதக்கும். எனவே இழை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் 10 சதவீதத்தில் நின்று, மீதியை வடிவத்தால் ஈட்டுங்கள். மூடியின் அடியில் பி.பி. கண்ணாடி இழை என்பதையும் அதன் சதவீதத்தையும் அச்சிலேயே பொறித்துவிடுங்கள்.


கோவை வார்ப்பகம்

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு மூவருக்கும் நன்றி. ரிப்பை ஆழப்படுத்த வாய்க்காலில் சில மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அச்சுப் பட்டறையில் பேசியிருக்கிறேன். செறிவுக் குருணையைக் கலக்கும் வழி எங்களுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் ஓர் ஐயம் எஞ்சுகிறது. விறைப்பை எந்த வழியில் கூட்டினாலும், வண்டி மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும்போது ஏற்படும் நிலையான தொய்வு குறையுமா? அந்தத் தொய்வே எங்களிடம் வந்த முதல் புகார். அதோடு, எஃப்.ஆர்.பி. ஓரங்களைப் பற்றிய கேள்விக்கும் விடை வேண்டுகிறேன்.


பாலமும் பலகையும் — பதில்

கட்டுமானப் பொறியியல் படித்தவன் என்ற முறையில், நிலையான தொய்வைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டோடு விடை சொல்கிறேன். பலரும் அறிய வேண்டிய எடுத்துக்காட்டு அது.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நாஸ்கர் என்பவரும் அவருடைய குழுவினரும், பால் கேன், சலவைத் திரவ பாட்டில் முதலியவற்றின் எச்.டி.யோடு விறைப்பான வேறொரு பிளாஸ்டிக்கைக் கலந்து கட்டுமானப் பலகைகளையும் உத்தரங்களையும் உருவாக்கினார்கள். 2002இல் அம்மாநிலத்தின் முல்லிகா ஆற்றின் மீது அமைந்த பாலத்தில் எச்.டி.யோடு பாலிஸ்டைரீன் சேர்ந்திருந்தது. பின்னர் கண்ணாடி இழை கொண்ட பி.பி.யை, குறிப்பாகக் கார் பம்பர் கழிவை, எச்.டி.யோடு கலந்தார்கள். 2009இல் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் இவ்வகைப் பொருளால் கட்டிய பாலத்தின் மீது, ஏறத்தாழ 70 டன் எடையுள்ள எம்1 ஏப்ரம்ஸ் டாங்கி ஓட்டிக் காட்டப்பட்டது. 2011இல் ஸ்காட்லாந்தில் ட்வீட் ஆற்றின் குறுக்கே 30 மீட்டர் நீளப் பாலம் ஒன்றும் எழுந்தது. கலப்பு மறுசுழற்சிப் பொருளில் கண்ணாடி இழை பயன்படாது என்று சொல்பவர்களுக்கு இவையே விடை.

ஆனால் அந்த உத்தரங்கள் எப்படி வடிவமைக்கப்பட்டன என்பதில்தான் தங்களுக்குரிய பாடம் உள்ளது. பிளாஸ்டிக் முறியும் தகைவை (பரப்பின் ஓர் அலகு தாங்கும் விசையை) கொண்டு வடிவமைத்தால் அது சில மாதங்களில் தொய்ந்துவிடும். எனவே ஆண்டுக்கணக்கில் சுமையைத் தாங்கியும் தொய்வு வளராமல் நிற்கும் தகைவு எதுவோ, அதற்குள் சுமை அடங்கும்படி உத்தரத்தைப் பெரிதாக்கினார்கள். ஓடிக் கடந்துவிடும் டாங்கியைவிட, அசையாமல் நிற்கும் சிறு சுமையே பிளாஸ்டிக்குக் கடினமான சோதனை.

வடிவமைப்பு நண்பர் சொன்ன ரிப்பின் உயரம் தகைவைக் குறைப்பதால் நிலையான தொய்வையும் குறைக்கும். அதில் மாற்றுக் கருத்தில்லை. எனினும் சூடு என்று வரும்போது இழைக்கு ஈடில்லை என்பது என் துணிபு. வெயிலில் கறுப்பு மூடியின் பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். 1.8 மெகா பாஸ்கல் தகைவில் சோதித்தால் இழையில்லாத பி.பி. அந்த 60 டிகிரியை ஒட்டியே வளைந்துவிடுகிறது, எச்.டி. அதற்கும் முன்பே. பிடிப்போடு 30 விழுக்காடு இழை கொண்ட பி.பி. 140 டிகிரிவரை நிற்கிறது. பிளாஸ்டிக் இளகும்போதும் இழை இளகுவதில்லை என்பதே காரணம். ஆகவே 10 விழுக்காட்டில் நிறுத்துவதா, 15க்குச் செல்வதா என்பதை மிதவைத் தொட்டியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சூட்டில் சோதித்து முடிவு செய்யுங்கள்.


இழை ஆய்வகம் — பதில்

எஃப்.ஆர்.பி. ஓரங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வலிமைக்காக அவற்றைச் சேர்க்க வேண்டாம். அந்த இழையின் மேல் இறுகிய பாலியஸ்டர் ரெசின் ஒட்டியிருக்கிறது. அது மீண்டும் உருகாது, மெலீக் அன்ஹைட்ரைடோடு பிணையவும் செய்யாது. அரைக்கும்போது இழை பொடியாகி, கிடைப்பது விலை குறைந்த ஒரு நிரப்பியாகவே இருக்கும். டால்க் என்ற கனிமப் பொடி அதைவிட ஒழுங்காக வேலை செய்யும். ரெசினை 500 டிகிரி சூட்டில் எரித்துவிட்டு இழையை மட்டும் எடுக்கலாம் என்றால், அந்தச் சூட்டிலேயே கண்ணாடி தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது, சைசிங் பூச்சும் எரிந்துபோகிறது. ஐரோப்பாவில் காற்றாலை இறகுக் கழிவைச் சிமென்ட் சூளைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ரெசின் எரிபொருளாகவும் கண்ணாடி சிமென்டின் மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. நம் பட்டறைக் கழிவுக்கும் அதுவே தகுந்த வழி. அதை அரைக்கும் இடத்தில் பணியாற்றுவோர் சுவாசிக்கும் தூசியையும் எண்ணிப் பாருங்கள். புதிய இழையைக் கையாளும்போதே கையுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆகிய மூன்றும் கட்டாயம். தூசியை உறிஞ்சும் குழாயும் வேண்டும்.

சோதனையைப் பற்றி. மூடியை வாய்க்காலில் பதிப்பது போலவே இரு பக்கமும் தாங்கி வைத்து, 60 டிகிரி சூட்டறைக்குள், வண்டியின் சென்டர் ஸ்டாண்ட் ஊன்றும் அகலமுள்ள ஒரு கட்டையின் மேல் உண்மையான சுமையை ஏற்றி, ஒரு மணி நேரம், பத்து மணி நேரம், நூறு மணி நேரம் என்ற இடைவெளிகளில் நடுத்தொய்வை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நேரம் பத்து மடங்காகும்போதெல்லாம் தொய்வு ஏறத்தாழ ஒரே அளவு கூடினால் அந்தக் கலவை நிற்கும். ஒவ்வொரு முறையும் கூடுதல் பெருகிக்கொண்டே போனால் நிற்காது. பழைய கலவை, ரிப்பை மட்டும் உயர்த்தியது, ரிப்போடு 10 விழுக்காடு, ரிப்போடு 15 விழுக்காடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் வைத்தால், இந்த விவாதத்தில் எங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் விடை கிடைத்துவிடும். கூடவே, இழை சேர்த்த மூடிகளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூலை கீழாகப் போட்டுப் பாருங்கள். இழை சேர்த்த பி.பி. 3 விழுக்காடு நீண்டதுமே அறுபடும் இயல்புடையது. தொய்வில் வெல்லும் கலவை இந்தச் சோதனையில் தோற்றால், எலாஸ்டோமரைச் சற்றுக் கூட்டி மீண்டும் முதல் சோதனைக்குப் போக வேண்டும், ஏனெனில் எலாஸ்டோமர் அடிதாங்கும் திறனைத் தரும் அளவுக்கு விறைப்பை எடுத்துக்கொள்கிறது.

விற்பனையில் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வடிகால் மூடிகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1433இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் உரிய ஏ15 வகை 15 கிலோ நியூட்டன் சுமையைத் தாங்க வேண்டும். கார் நிற்கும் இடத்துக்குரிய பி125 வகை 125 கிலோ நியூட்டனைத் தாங்க வேண்டும். தங்கள் மூடி முதல் வகையைக் கடந்து, சூட்டுச் சோதனையிலும் நின்றால் இருசக்கர வண்டிக்கென்று சொல்லி விற்கலாம். கார் ஏறும் வாசலுக்கு யாராவது கேட்டால், வார்ப்பிரும்பு மூடியைப் போடச் சொல்லுங்கள்.